விடை சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் மேற்படிப்பு பத்தி வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் மாஸ்டர்ஸ், பிஹெச்டி பத்தினதுதான், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்க, யார் பேரும் போடல.

கேள்வி: சார், நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். சின்ன வயசுல இருந்தே விமானம்னா உசுரு, ஆனா யூஜில ஏரோ கிடைக்கல. மாஸ்டர்ஸ்ல ஏரோஸ்பேஸ் போனா, யூஜிலயே ஏரோ படிச்சிட்டு வந்தவங்க கூட என்னால ஈடு குடுக்க முடியுமா? இல்ல எப்பவும் ஒரு படி கீழதான் நிக்கணுமா?

தாராளமா போலாம் தம்பி. படி கீழ மேலன்னு எல்லாம் ஒண்ணும் கிடையாது. பிரின்ஸ்டன், யுசிஎல்ஏ மாதிரி எத்தனையோ யுனிவர்சிட்டில மெக்கானிக்கலும் ஏரோஸ்பேஸும் ஒரே டிபார்ட்மென்ட்தான், போர்டுலயே ரெண்டு துறைப் பேரையும் சேர்த்துதான் போட்டிருப்பாங்க. காரணம் அடிப்படை ஒண்ணுங்கறதாலதான், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், சாலிட் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், வைப்ரேஷன், கண்ட்ரோல், இதுல எதை எடுத்தாலும் ரெண்டு பக்கமும் அதே சமன்பாடுதான்.

லுட்விக் பிராண்ட்ல் பத்தி சொல்லியே ஆகணும். இன்னைக்கு ஏரோடைனமிக்ஸ்னு நாம படிக்கிறதுக்கு அஸ்திவாரம் போட்டவர், ஆனா மனுஷன் படிச்சது மெக்கானிக்கல், டாக்டரேட் வாங்கினது ஒரு பீம் பக்கவாட்டுல எப்ப சாயும்ங்கற விஷயத்துல. படிச்சு முடிச்சு ஜெர்மனில நூரம்பெர்க் நகரத்துல மேன்ங்கற மெஷின் கம்பெனியோட ஃபேக்டரில வேலைக்குச் சேர்ந்தப்ப, மரச்சீவல் தூசியெல்லாம் உறிஞ்சி எடுக்கற குழாய் சிஸ்டத்தைச் சரி பண்ற வேலை அவர்கிட்ட வந்துச்சு. குழாய் விரியிற இடத்துல காத்தோட வேகம் குறையும், குறையற அளவுக்கு பிரஷர் ஏறணும், புத்தகக் கணக்கு அப்படித்தான் சொல்லுது, ஆனா ஏறல. காத்து குழாய்ச் சுவரை ஒட்டிப் போகாம பிரிஞ்சு போயிருச்சு. ஏன் பிரியுதுங்கற கேள்வியை அவர் விடவே இல்ல, 1904ல ஹைடல்பெர்க்ல நடந்த கணித மாநாட்டுல ஒரு சின்னப் பேப்பர் வாசிச்சாரு, சுவரை ஒட்டின மெல்லிசான அடுக்குலதான் உராய்வோட வேலை முழுக்க நடக்குதுன்னு. பவுண்டரி லேயர்னு நீங்க படிக்கிறது அதுதான். தூசி உறிஞ்சற குழாய்ல ஆரம்பிச்ச கேள்விதான் விமான ரெக்கை வரைக்கும் போச்சு. அதனால மெக்கானிக்கல் படிச்சதை யாருக்கும் மறைக்க வேண்டியதில்ல.

ஆனா உங்களுக்கு விட்டுப்போன சிலது இருக்கு, அதையும் சொல்லிடறேன். கம்ப்ரஸிபிள் ஃப்ளோ, அதாவது ஷாக் வேவ், நாசில் எல்லாம், பல மெக்கானிக்கல் கோர்ஸ்ல தொட்டும் தொடாமலும் போயிருப்பாங்க. ஃப்ளைட் மெக்கானிக்ஸ், விமானம் தானா நிலைக்கு வருமா வராதாங்கற கணக்கு, அது உங்களுக்கு முழுக்கப் புதுசா இருக்கும். ஆர்பிட்டல் மெக்கானிக்ஸும் அப்படித்தான். முதல் செமஸ்டருக்கு முன்னாடி கிடைக்கிற லீவுல இந்த மூணையும் ஒரு யூஜி புத்தகத்தை வச்சு, கணக்கு போட்டு, ஆமா கணக்கு போட்டு, வீடியோ பாத்து இல்ல, முடிச்சிட்டுப் போனீங்கன்னா போதும். உங்க கிட்ட இருக்கற மெஷின் டிசைனும் மேனுஃபேக்சரிங்கும் யூஜி ஏரோ படிச்சவங்க கிட்ட குறைச்சலாத்தான் இருக்கும், ப்ராஜெக்ட் டீம்ல உங்களைத் தேடி வருவாங்க பாருங்க.

கேள்வி: மேடம் சொன்னதுக்காக என்ஏசிஏ 0012ங்கற ரெக்கை வடிவத்துக்கு சிஎஃப்டி, அதாவது காத்தோட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்கு போடற ப்ராஜெக்ட் பண்ணினேன். கலர் படம் எல்லாம் அருமையா வந்துச்சு, ரெசிடியூவலும் நல்லா இறங்குச்சு. ஒரு பிஹெச்டி இன்டர்வியூல அதைக் காட்டினேன், அங்க இருந்த புரொஃபசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "இது சரியான விடைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" எனக்கு பதில் வரல. என்ன சொல்லியிருக்கணும்?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் முழுப் பக்கத்தையும் குடுக்கலாம்மா. என்னைக் கேட்டா மேற்படிப்புன்னா என்னங்கறதுக்கே இந்த ஒரு கேள்விதான் பதில், யூஜில விடை புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கும், மாஸ்டர்ஸ்லயும் பிஹெச்டிலயும் பின்பக்கம் இல்ல, விடை சரியான்னு நீங்கதான் நிரூபிக்கணும். அந்த புரொஃபசர் உங்களை மடக்கறதுக்குக் கேக்கல, அவரோட லேப்ல தினமும் கேக்கற கேள்வியைத்தான் உங்ககிட்டயும் கேட்டிருக்காரு.

ரெசிடியூவல் இறங்கறதுன்னா சால்வர் நீங்க குடுத்த சமன்பாட்டை அந்த மெஷ்ல, அதாவது இடத்தைச் சின்னச் சின்ன செல்லா வெட்டின வலைல, தீர்த்திருச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். தப்பான மெஷ்லயும் அது அழகா இறங்கும், தப்பான எல்லை நிபந்தனை குடுத்தாலும் அழகா இறங்கும். ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும், சமன்பாட்டைச் சரியாத் தீர்த்தோமா, தீர்த்த சமன்பாடு நிஜத்தோட ஒத்துப் போகுதா. முதலாவதை வெரிஃபிகேஷன்னும் ரெண்டாவதை வேலிடேஷன்னும் சொல்லுவாங்க, நிறைய தீசிஸ்ல ரெண்டையும் போட்டுக் கலக்கிருவாங்க.

உங்க 0012லயே பாப்போம். அது மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கற வடிவம், அப்ப காத்து நேரா, 0 டிகிரில வந்தா லிஃப்ட் சுழியம்தான் வரணும். உங்க சால்வர் 0.03ன்னு காட்டுச்சுன்னா எங்கயோ மெஷ் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, இல்ல கோணம் குடுத்ததுல கோளாறு. இது ஒரு நிமிஷ வேலை, ஆனா பண்றவங்க குறைவு. அடுத்து 4 டிகிரி வைங்க. மெல்லிசான ரெக்கைக் கொள்கைப்படி லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் டிகிரிக்கு சுமாரா 0.11, அப்ப 0.44 பக்கத்துல வரணும், 0.3 வந்தாலும் 0.6 வந்தாலும் மேல போகாதீங்க, அங்கயே நின்னு என்னன்னு பாருங்க.

அதுக்கப்புறம் மெஷ். ஒரே மெஷ்ல ஓட்டிட்டு "மெஷ் நல்லா ஃபைனா போட்டிருக்கேன் சார்"ன்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. மூணு மெஷ் வேணும், ஒவ்வொண்ணுலயும் செல்லோட அளவு பாதியாகணும். கணக்குக்காகச் சொல்றேன், டிராக் கோஎஃபிஷியன்ட் முதல் மெஷ்ல 0.0140, ரெண்டாவதுல 0.0124, மூணாவதுல 0.0120ன்னு வருதுன்னு வைங்க. முதல் வித்தியாசம் 0.0016, அடுத்தது 0.0004, நாலுல ஒரு பங்கு. நீங்க செகண்ட் ஆர்டர் ஸ்கீம் எடுத்திருந்தா செல் பாதியானா பிழை நாலுல ஒண்ணாகணும், ஆகியிருக்கு, அப்ப சால்வர் அது சொன்னபடி நடந்துக்குது. அந்தக் கடைசி வித்தியாசத்தை 3ஆல வகுத்துக் கழிச்சா 0.0119 பக்கம் வரும், செல்லை எவ்வளவு சின்னதாக்கினாலும் இங்கதான் போய் நிக்கும்னு அதை வச்சு மதிப்பிடலாம். இந்த மூணு எண்ணும் ஒரு சின்ன டேபிள்ல இருந்திருந்தா அந்த இன்டர்வியூ வேற மாதிரி போயிருக்கும்.

இன்னும் ரெண்டு இடத்துல ஸ்டூடன்ட்ஸ் வழுக்குவாங்க. ஒண்ணு, வெளி எல்லை எவ்வளவு தூரம். ரெக்கையோட முன் விளிம்புல இருந்து பின் விளிம்பு வரைக்கும் இருக்கற அகலத்தைப் போல 10 மடங்கு, 20 மடங்கு தூரத்துல பெட்டியை மூடிருவாங்க, லிஃப்ட் இருக்கற ரெக்கை அவ்வளவு தூரத்துலயும் காத்தை வளைச்சுக்கிட்டுத்தான் இருக்கும், டிராக்கை அது நேரா பாதிக்கும். நாசா இதே 0012க்கு டர்புலன்ஸ் மாடல் சோதிக்கறதுக்குன்னு வச்சிருக்கற மெஷ்ல வெளி எல்லை 500 மடங்கு தூரத்துல இருக்கு, ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் அளவையும் உராய்வோட ஒப்பிடற எண்) 60 லட்சம், மாக் 0.15, அதாவது ஒலி வேகத்துல 0.15 பங்கு. அதோட விடைகள் எல்லாம் பொதுவுல இருக்கு, எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. இன்னொண்ணு சுவரை ஒட்டின முதல் செல்லோட உயரம், அதை அலகு இல்லாத எண்ணா மாத்தி ஒய் ப்ளஸ்னு சொல்லுவாங்க. கே ஒமேகா எஸ்எஸ்டிங்கற டர்புலன்ஸ் மாடலை சுவர் வரைக்கும் தீர்க்கப் போறீங்கன்னா அது 1 பக்கத்துல இருக்கணும், சுவர்கிட்ட தீர்க்காம வால் ஃபங்ஷன்ங்கற சூத்திரத்தைப் போட்டீங்கன்னா 30க்கு மேல, நடுவுல 5, 10ன்னு விட்டுட்டா பொதுவா ரெண்டுக்கும் பொருந்தாத விடை வரும், அதுவும் படத்துல பாக்க அழகாத்தான் இருக்கும்.

ரெக்கைக்குப் போறதுக்கு முன்னாடி சாதா தட்டையான பலகையை ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்கம்மா. 1 மீட்டர் பலகை, நொடிக்கு 1.5 மீட்டர் காத்து, ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம் வரும். பலகையோட கடைசி முனைல பவுண்டரி லேயர் தடிமன் சுமார் 16 மில்லிமீட்டர், அந்த இடத்துல உராய்வு கோஎஃபிஷியன்ட் 0.0021, பிளாசியஸ் போட்ட கணக்கு, பேப்பர்லயே போடலாம். அந்த 16 மில்லிமீட்டருக்குள்ள உங்க மெஷ்ல எத்தனை செல் இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மூணு நாலுதான் இருந்துச்சுன்னா ஏன் விடை வரலன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

கேள்வி: ஃபுளூயன்ட் கத்துக்கறதா, ஓபன்ஃபோம் கத்துக்கறதா?

ரெண்டுமே சிஎஃப்டி சாஃப்ட்வேர்தான், எது உங்க லேப்ல இருக்கோ அது. ஓபன்ஃபோம்ல உள்ள என்ன நடக்குதுன்னு திறந்து பாக்கலாம், ஆராய்ச்சிக்கு அது பெரிய வசதி, கம்பெனிகள்ல ஃபுளூயன்ட், ஸ்டார் சிசிஎம் ப்ளஸ் அதிகம். ஆனா எதைக் கத்துக்கறதுக்கும் முன்னாடி ஒரு பரிமாண ஹீட் ஈக்வேஷனை நீங்களே பைத்தான்ல எழுதி, டைம் ஸ்டெப்பைக் கூட்டிக்கிட்டே போய் விடை எந்த இடத்துல கட்டுமீறி வெடிக்குதுன்னு உங்க கண்ணால பாத்துருங்க.

கேள்வி: ஐயா, என் பொண்ணு மெக்கானிக்கல் முடிச்சிட்டா, நேரா பிஹெச்டின்னு சொல்றா. ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் போதாதா, அஞ்சு வருஷம் எதுக்குன்னு நான் கேட்டா கோவிச்சுக்கறா. செலவை நினைச்சாலும் பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

ஐயா, செலவு விஷயத்துல பல பெற்றோருக்கு ஒரு கணக்கு தலைகீழா இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். இந்தத் துறைல பெரும்பாலும் மாஸ்டர்ஸுக்குத்தான் கைக்காசு போகும், பிஹெச்டிக்கு அவங்கதான் நமக்குத் தருவாங்க. அமெரிக்கால பிஹெச்டி சேர்க்கறாங்கன்னா ரிசர்ச் அசிஸ்டென்ட்டாவோ டீச்சிங் அசிஸ்டென்ட்டாவோ வேலை குடுத்து, ஃபீஸையும் அவங்களே கட்டி, மாசச் செலவுக்கும் குடுக்கறதுதான் வழக்கம். ஜெர்மனில நிறைய இடத்துல அது ஒரு வேலை ஒப்பந்தம், சம்பளம். ஃபண்டிங் இல்லாம பிஹெச்டி சீட் குடுக்கறேன்னு எங்கயாவது சொன்னாங்கன்னா என் கருத்துல அதுக்குப் போகவே வேணாம், அது ஆராய்ச்சிக்குக் காசு இல்லாத லேப்னுதான் அர்த்தமாகும், காசு இல்லாத லேப்ல சோதனையும் நடக்காது.

நேரா போக முடியுமான்னா அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கால யூஜி முடிச்சதும் நேரா பிஹெச்டிக்கு எடுப்பாங்க, முதல் ரெண்டு வருஷம் கிளாஸ், வழில மாஸ்டர்ஸ் பட்டமும் பல இடத்துல கிடைக்கும். ஐரோப்பாவுல பெரும்பாலும் மாஸ்டர்ஸ் முடிச்சிட்டுத்தான். இங்கிலாந்துல அந்த மாஸ்டர்ஸ் ஒரு வருஷத்துலயே முடிஞ்சிரும்.

ஆனா ஐயா, அஞ்சு வருஷம் எதுக்குங்கற உங்க கேள்வி நியாயமான கேள்விதான், அதை உங்க பொண்ணுகிட்ட கோவமில்லாம வேற மாதிரி கேட்டுப் பாருங்க. "நீ என்ன கேள்விக்கு விடை தேடப் போறம்மா?"ன்னு கேளுங்க. ஒரு விஷயத்தைச் சொல்லி, அது ஏன் இன்னும் யாருக்கும் தெரியலன்னு பத்து நிமிஷம் உங்களுக்குப் புரியற மாதிரி பேசுனான்னா விட்டுருங்க, போகட்டும். "டாக்டர் பட்டம் வேணும்"னு மட்டும் சொன்னான்னா தீசிஸ் இருக்கற மாஸ்டர்ஸ் ஒண்ணு முதல்ல படிக்கட்டும், ஆராய்ச்சி அவளுக்குப் பிடிக்குதா இல்லையாங்கறது அந்த ஒரு வருஷத்துலயே தெரிஞ்சிரும்.

கேள்வி: ஸ்ட்ரக்சர்ஸா, ஃப்ளூயிட்ஸா, எதுக்கு ஸ்கோப் அதிகம்? சீனியர்ஸ் எல்லாம் ஸ்ட்ரக்சர்ஸ்ல கண்டுபிடிக்க ஒண்ணும் மிச்சமில்லன்னு சொல்றாங்க.

சீனியர்ஸ் சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். போயிங் 787ல எடையில சுமார் பாதி காம்போசிட், அதாவது கார்பன் ஃபைபர் மாதிரி கலவைப் பொருள், ஏர்பஸ் ஏ350லயும் பாதிக்கு மேல. மெட்டல்ல விரிசல் எப்படி வளரும்னு நமக்கு ஓரளவு நல்லாவே தெரியும், கார்பன் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவுல அடிபட்டா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அடுக்கு பிரிஞ்சு கிடக்கும், அது எப்ப எவ்வளவு பெருசாகும்ங்கறதுல இன்னும் எவ்வளவோ வேலை கிடக்கு. வேலைவாய்ப்புன்னு பாத்தாலும், எந்த விமானமும் பறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாகமும் தாங்கும்னு யாராவது கணக்கு போட்டுக் கையெழுத்து போட்டாகணும்.

இன்னொண்ணையும் சொல்றேன், ஏன்னா மேல சிஎஃப்டி கேட்ட பொண்ணுக்குச் சொன்ன அதே விஷயம் இங்க உயிர்ச்சேதத்தோட நடந்திருக்கு. டி ஹாவிலாண்ட் காமெட், ஜெட் பயணிகள் விமானத்துல முதலாவது. 1954 ஜனவரில ஒண்ணு எல்பா தீவுக்கிட்ட நடுவானத்துல சிதறுச்சு, ஏப்ரல்ல நேப்பிள்ஸ் பக்கம் இன்னொண்ணு. இங்கிலாந்துல ஃபார்ன்பரோ ஆராய்ச்சி மையத்துல ஒரு முழு விமானத்தைத் தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, உள்ள தண்ணியால அழுத்தம் ஏத்தி ஏத்தி இறக்கினாங்க. ஏற்கனவே பறந்த 1,221 தடவையோட தொட்டில 1,836 தடவை சேர்ந்து மொத்தம் 3,057ல உடம்பு கிழிஞ்சிருச்சு. அப்ப கம்பெனி முன்னாடியே டெஸ்ட் பண்ணலையான்னா, பண்ணியிருந்தாங்க, உடம்போட ஒரு பகுதியை எடுத்து இதைவிடப் பல மடங்கு தடவை அழுத்திப் பாத்துத் தாங்கிருச்சுன்னுதான் நம்பினாங்க. ஆனா அந்தப் பகுதியை அதுக்கு முன்னாடி வேற ஒரு சோதனைக்காக வழக்கமான அழுத்தத்தைவிட ரொம்ப அதிகமா ஏத்தியிருந்தாங்க, அதுல ஓட்டை, மூலைன்னு ஸ்ட்ரெஸ் குவியிற இடமெல்லாம் லேசா நீண்டு குடுத்துருச்சு, அழுத்தத்தை எடுத்ததும் அந்த இடங்கள்ல அமுக்கற ஸ்ட்ரெஸ் தங்கிருச்சு, விரிசல் வளர்றதை அது தடுத்துச்சு. பயணிங்க ஏறின விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சோதனை நடந்தது, விடையும் வந்துச்சு, ஆனா அது வேற ஒரு பொருளுக்கான விடை. ஸ்ட்ரக்சர்ஸ் எடுக்கறவங்க இந்த ஒரு விசாரணை அறிக்கையை மட்டுமாவது முழுசா உக்காந்து படிங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: நிறைய புரொஃபசர்களுக்கு மெயில் போட்டுட்டேன், ஒருத்தர் கூட பதில் போடல. என் மார்க் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. என்ன தப்பு?

தம்பி, நீங்க அனுப்பியிருந்த மெயிலைப் பாத்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சி எனக்கு மிகவும் ஆர்வமூட்டுகிறது, உங்கள் மேற்பார்வையில் பணிபுரிய விரும்புகிறேன்"னு ஆரம்பிக்குது. எந்த புரொஃபசருக்கு வேணாலும் இதை அனுப்பலாம், அதான் பிரச்சனை. அவங்களுக்கு இதே மெயில் நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கும்.

அவரோட பேப்பர் ஒண்ணை எடுங்க, ஒண்ணே ஒண்ணு போதும், ஆனா முழுசா. அதுல ஒரு படத்தைப் புடிங்க. உதாரணத்துக்கு ஷாக் வேவ் பவுண்டரி லேயர்ல மோதற ஆராய்ச்சின்னா இப்படி எழுதலாம்: "உங்க பேப்பர்ல ஏழாவது படத்துல, பிரிவு நீளம் சோதனைல வந்ததைவிட சிமுலேஷன்ல குறைவா இருக்கு. விண்ட் டனலோட பக்கச் சுவர்களோட பாதிப்பு இதுக்குக் காரணமா இருக்குமா? சிமுலேஷன்ல நீங்க இரு பரிமாணம்தான் எடுத்திருக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். என்னோட ப்ராஜெக்ட்ல இதே மாதிரி ஒரு வித்தியாசத்தைத் தேடினேன், ஒரு பக்கக் குறிப்பு இணைச்சிருக்கேன். அடுத்த வருஷம் ஸ்டூடன்ட் எடுக்கறீங்களா?" அவ்வளவுதான், ஒரு ஸ்க்ரீன்ல அடங்கணும். உங்க கேள்வி தப்பா இருந்தாக்கூட பரவாயில்ல, படிச்சிருக்கீங்கன்னு தெரியும், தப்பைத் திருத்தறதுக்காகவாவது பதில் போடறவங்க இருக்காங்க. மார்க் ஷீட்டை மெயில்ல வர்ணிக்காதீங்க, அது இணைப்புல இருக்கட்டும். பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை நினைவுபடுத்தலாம், அதுக்கு மேல வேணாம்.

ரெகமண்டேஷன் லெட்டருக்கும் இதேதான். பெரிய பதவில இருக்கறவர் "நல்ல மாணவர்"னு நாலு வரி எழுதறதைவிட, உங்க கூட லேப்ல நின்ன சின்ன லெக்சரர் "சென்சார் தப்பா காட்டுதுன்னு இவன்தான் கண்டுபிடிச்சான், எப்படிக் கண்டுபிடிச்சான்னா"ன்னு எழுதற ஒரு பத்தி எவ்வளவோ மேல்.

கேள்வி: ராக்கெட் கம்பெனிலதான் வேலை பாக்கணும்னு இருக்கேன். அமெரிக்கால ஏரோஸ்பேஸ் மாஸ்டர்ஸ் முடிச்சா கிடைச்சிருமா?

உண்மையைச் சொல்றேன், வருத்தமா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது. அங்க ராக்கெட், ஏவுகணை, ராணுவ விமானம் சம்பந்தப்பட்ட டெக்னாலஜிக்கு இட்டார்னு ஏற்றுமதிக் கட்டுப்பாடு சட்டம் இருக்கு. அந்த விவரங்களை வெளிநாட்டுக்காரருக்கு அரசு அனுமதி இல்லாம காட்டறதே ஏற்றுமதிக் கணக்குதான், அமெரிக்க மண்ணுலயே காட்டினாலும் சரி. குடிமகனா, இல்ல நிரந்தரமா தங்கறதுக்கான கிரீன் கார்டு வச்சிருக்கறவரா, இல்ல அகதியா ஏத்துக்கிட்டவரா இருக்கணும், அதனால ஸ்டூடன்ட் விசால போய்ப் படிச்சு முடிச்ச கையோட ராக்கெட் கம்பெனிக்குள்ள போறது ரொம்பவே கஷ்டம். மார்க்குக்கும் திறமைக்கும் இதுல சம்பந்தமே இல்ல. யுனிவர்சிட்டில வெளிப்படையா பேப்பரா வெளியாகற அடிப்படை ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கறதால படிக்கறதுல பிரச்சனை பெருசா வராது, ஆனா சில ப்ராஜெக்ட்டுக்கு வெளிநாட்டு ஸ்டூடன்ட்டை எடுக்க முடியாதுன்னு புரொஃபசரே சொல்லுவாரு, அதை முதல்லயே கேட்டுக்கங்க.

அதுக்காக கனவை மூட்டை கட்ட வேணாம். நீங்க கம்பஸ்ஷன் எடுத்தீங்கன்னா கேஸ் டர்பைனுக்கும் அதே கம்பஸ்ஷன் இன்ஸ்டெபிலிட்டிதான். சாட்டர்ன் 5 ராக்கெட்டோட எஃப்1 எஞ்சின்ல எரியற அறைக்குள்ள பிரஷர் ஊசலாடி எஞ்சினையே உடைச்சது, எரிஞ்சிக்கிட்டு இருக்கறப்பவே உள்ள ஒரு சின்ன வெடியை வெடிக்க வச்சு ஊசலாட்டம் தானா அடங்குதான்னு பாத்துப் பாத்து, முழு அளவு எஞ்சின்லயே சுமார் 2,000 சோதனை பண்ணி இன்ஜெக்டரை மாத்தினாங்க. அதே ஊசலாட்டம் இன்னைக்கு பவர் பிளான்ட் டர்பைன்லயும் தலைவலி. அந்தத் திறமை இருந்தா காத்தாலை, டர்பைன், கார் ஏரோடைனமிக்ஸ், சிமுலேஷன் சாஃப்ட்வேர்னு போக எத்தனையோ இடம் இருக்கு, உங்க சொந்த நாட்டு விண்வெளித் திட்டத்துக்கும் அது வேணும். பேர்ல ஏரோஸ்பேஸ் இருக்கற பட்டத்தைவிட மெக்கானிக்கல்னு இருக்கறது விசால போறவங்களுக்கு இதனாலயே சில சமயம் சௌகரியமா இருக்கும், பாடம் ரெண்டுலயும் பெரும்பாலும் அதேதான்.

கேள்வி: மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருஷம். விண்ட் டனல்ல ஒரு சதுரக் கம்பத்துக்குப் பின்னாடி பிரஷர் அளக்கறேன், சிக்னல் ஆடிக்கிட்டே இருக்கு, ஒரு நிலையான எண்ணே வர மாட்டேங்குது. கைடு "செட்டப் சரியில்ல, திரும்பப் பண்ணு"ங்கறாரு. தீசிஸ் போயிருமோன்னு தூக்கம் வரல சார்.

தூங்குப்பா முதல்ல. உன் தீசிஸ் அந்த ஆட்டத்துக்குள்ளயேகூட இருக்கலாம்.

இதே கதை ஜெர்மனில கோட்டிங்கன் யுனிவர்சிட்டில நடந்திருக்கு. பிராண்ட்லோட ஸ்டூடன்ட் ஹீமன்ஸ் ஒரு உருளையைத் தண்ணி ஓட்டத்துல வச்சு பிரஷர் அளந்துக்கிட்டு இருந்தாரு, ஓட்டம் நிக்காம ஆடுச்சு. பிராண்ட்ல் சொன்னாரு, உன் உருளை சரியான வட்டமா இல்லன்னு. மனுஷன் கஷ்டப்பட்டு வட்டமாக்கினாரு, திரும்ப ஆடுச்சு. அப்ப கால்வாய் ரெண்டு பக்கமும் சமமா இல்லன்னாங்க, அதையும் சரி பண்ணினாரு, திரும்பவும் ஆடுச்சு. அதே இடத்துல இருந்த வான் கார்மன் தினம் காலைல வந்து இன்னைக்காவது நின்னுச்சான்னு கேப்பாராம், எப்பவும் ஆடிக்கிட்டேதான் இருக்குன்னு இவரு சோகமா சொல்லுவாராம். எப்ப பாத்தாலும் ஆடுதுன்னா அதுக்கு ஒரு இயற்கையான காரணம் இருக்கணுமேன்னு கார்மன் உக்காந்து கணக்கு போட்டாரு, உருளைக்குப் பின்னாடி மாறி மாறி உதிர்ற சுழல்களோட ரெண்டு வரிசை, வரிசைகளுக்கு நடுவுல இருக்கற தூரத்தை ஒரே வரிசைல அடுத்தடுத்த சுழல்களுக்கு நடுவுல இருக்கற தூரத்தால வகுத்தா வர்ற விகிதம் 0.281ஆ இருந்தா மட்டும்தான் நிலைச்சு நிக்கும்னு 1911ல வந்துச்சு. கார்மன் வார்டெக்ஸ் ஸ்ட்ரீட். ஹீமன்ஸோட செட்டப்ல கோளாறே இல்ல.

ஆனா உன் செட்டப்ல கோளாறு இல்லன்னு நான் சொல்லிர முடியாது, நீதான் நிரூபிக்கணும், ஒரு நாள் வேலை. சிக்னலை எஃப்எஃப்டி போட்டு, அதாவது அதுல கலந்திருக்கற ஃப்ரீக்வன்சிகளைப் பிரிச்சு, எந்த ஃப்ரீக்வன்சில உச்சி இருக்குன்னு பாரு. காத்தோட வேகத்தை அஞ்சு ஆறு படியா மாத்தி ஒவ்வொண்ணுக்கும் அந்த உச்சியைக் குறி. வேகம் ரெண்டு மடங்கானா ஃப்ரீக்வன்சியும் ரெண்டு மடங்காகுதுன்னா, அது கம்பத்துல இருந்து சுழல் உதிர்றது. ஃப்ரீக்வன்சியைக் கம்பத்து அகலத்தால பெருக்கி வேகத்தால வகுத்தா ஸ்ட்ரௌஹல் எண் கிடைக்கும், வட்ட உருளைக்கு 0.2 பக்கம், சதுரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவா 0.13 பக்கம் வரும். வேகத்தை என்ன மாத்தினாலும் உச்சி அதே இடத்துல அசையாம நிக்குதுன்னா அது கம்பத்தோட சொந்த அதிர்வு, இல்ல ட்யூப்ல இருக்கற காத்தோட ரெசனன்ஸ், 50 ஹெர்ட்ஸ்லயோ 60 ஹெர்ட்ஸ்லயோ நிக்குதுன்னா கரண்ட் லைனோட இரைச்சல். ஃபேன் சுத்தற வேகத்தோட இறக்கை எண்ணிக்கையைப் பெருக்கினா வர்ற ஃப்ரீக்வன்சியையும் சரி பாத்துக்க, அதுவும் வேகத்தோட சேர்ந்து ஏறும், ஏமாத்திரும். கம்பத்தை எடுத்துட்டு வெறும் டனலை ஒரு தடவை ஓட்டினா அது பிரிஞ்சு தெரிஞ்சிரும். இந்த ஒரு கிராஃபை எடுத்துக்கிட்டு கைடு முன்னாடி போய் உக்காரு. செட்டப் சரியில்லன்னு அவர் சொன்னது கோவத்துல இல்ல, எதை வச்சு நம்பறதுன்னு அவருக்குத் தெரியல, நீ காட்டு.

கேள்வி: எனக்கு மேத்ஸ் பயம். எவ்வளவு மேத்ஸ் வேணும்?

லீனியர் ஆல்ஜிப்ரா, பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், வெக்டர் கால்குலஸ், நியூமெரிக்கல் மெத்தட்ஸ். இதுல ஐகன்வேல்யூவை மட்டும் எலும்பு வரைக்கும் புரிஞ்சுக்கங்க, தூண் எப்ப மடங்கும், ரெக்கை எந்த வேகத்துல படபடக்கும், விமானம் தானா நிலைக்கு வருமா, கண்ட்ரோலர் நிலையா இருக்குமா, எல்லாமே அந்த ஒரே கேள்விதான். பயம் கணக்கு போடப் போடத்தான் போகும்.

கேள்வி: இப்ப எல்லாத்தையும் மெஷின் லேர்னிங் பண்ணிருதே, இனிமே நேவியர் ஸ்டோக்ஸ் மாதிரி ஓட்டச் சமன்பாடெல்லாம் படிக்கணுமா?

முன்னவிட அதிகமா படிக்கணும். சாதா சால்வர்ல மெஷ்ஷைப் பாதியாக்கினா பிழை நாலுல ஒண்ணாகும்னு மேல பாத்தோமே, நியூரல் நெட்வொர்க்ல அந்த மாதிரி ஒரு உறுதி கிடையாது, பயிற்சி குடுத்த எல்லைக்கு வெளிய போனாலும் அது தயங்காம ஒரு விடை சொல்லும். சமன்பாட்டையே பயிற்சிக்குள்ள வைக்கிற பிஐஎன்என்ங்கற நியூரல் நெட்வொர்க் முறைகள் 2019க்கு அப்புறம் பெருசா வளர்ந்திருக்கு, நல்ல வேலையும் நடக்குது, அதுல வர்ற விடை அபத்தமா இல்லையான்னு சொல்றதுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தெரிஞ்ச ஆள்தான் வேணும். கோடிங் தெரிஞ்சு இயற்பியலும் தெரிஞ்சவங்களுக்கு இது நல்ல காலம்.

கேள்வி: அமெரிக்கால ரெண்டு இடத்துல பிஹெச்டி ஃபண்டிங்கோட கிடைச்சிருக்கு. ஒண்ணு பேர் பெத்த யுனிவர்சிட்டி, இன்னொண்ணு அவ்வளவு பேர் இல்ல, ஆனா கைடு நல்லா பேசினாரு. பேர் பெத்த இடத்துல உடனே சொல்லுன்னு அவசரப்படுத்தறாங்க. எதை எடுக்கறது?

அவசரத்தை முதல்ல தள்ளி வைம்மா. அங்க நிறைய யுனிவர்சிட்டிங்க சேர்ந்து கையெழுத்து போட்ட ஒரு உடன்பாடு இருக்கு, ஃபண்டிங் குடுத்த ஸ்டூடன்ட்டுக்கு ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் உண்டுன்னு. உன் ரெண்டு இடமும் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாரு, இருந்தா மரியாதையா "ஏப்ரல் 15க்குள்ள சொல்றேன்"னு ஒரு மெயில் போதும்.

எதை எடுக்கறதுங்கறதுக்கு, ரெண்டு லேப்லயும் இப்ப இருக்கற ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு மூணு பேர்கிட்ட தனித்தனியா பேசு, கைடு இல்லாத நேரமாப் பாத்து. வாரத்துக்கு எத்தனை தடவை கைடைப் பாக்க முடியுது, போன அஞ்சு வருஷத்துல சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேர் நடுவுல போனாங்க, போனவங்க ஏன் போனாங்க, முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க, ஃபண்டிங் எத்தனை வருஷத்துக்குக் கையில இருக்கு, ப்ராஜெக்ட் காசு நின்னா டீச்சிங் அசிஸ்டென்ட்டா மாத்தி விடுவாங்களா. கடைசியா ஒண்ணு கேளு, "உங்க ரிசல்ட் தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கு கைடு என்ன பண்ணினாரு?" அவங்க ஒரு செகண்ட் யோசிச்சிட்டு என்ன சொல்றாங்கன்னு கவனி. தப்பு எங்கன்னு கூட உக்காந்து தேடினாருன்னு சொன்னா, பேர் இல்லாத யுனிவர்சிட்டியா இருந்தாலும் நான் அந்தப் பக்கம்தான் போகச் சொல்லுவேன்.